சுவரொட்டியில் நாலாவது ஆள்

ஜூலியஸ் மூன்று பேரை வரைந்து ஒட்டிய சுவரொட்டியில் மறுநாள் காலை நான்கு பேர் நின்றார்கள். அது 1951. காட்டிலிருந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கோலசிலாங்கூரில் கிராமபோன் கடை வைத்திருந்த ரெங்கசாமி, ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரி நல்லம்மாளைப் பாட வைத்து ஓர் இசைத்தட்டு போட்டிருந்தார். தீபாவளிக்கு வெளியீடு. நடுவில் நல்லம்மாள், ஒரு பக்கம் ஆர்மோனியக்காரர், மறுபக்கம் மிருதங்கக்காரர் என்று தோட்டத்துக்கு ஒரு சுவரொட்டியாக ஜூலியஸைக் கையால் வரையச் சொன்னார். நல்லம்மாளுக்கு இருந்த ஒரே போட்டோ ஐசி என்ற அடையாளக் கார்டில் ஒட்டியிருந்ததுதான். ஜூலியஸ் அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினான். பசைக்கு மரவள்ளி மாவு. அந்த மாவு, காட்டில் இருப்பவர்கள் வயிற்றுக்குப் போய்விடக் கூடாது என்று, வாளியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காட்டிய பிறகே தோட்டத்துக் கேட்டில் உள்ளே விட்டார்கள்.

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் மிருதங்கக்காரருக்குப் பின்னால் வந்து நின்றவன் அதே தோட்டத்து முருகையா. எட்டு மாதமாக ஆளைக் காணோம். கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று அவன் மனைவி கங்கா தோட்டக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லியிருந்தாள். சுவரொட்டியில் அவன் தோளில் துப்பாக்கி தொங்கியது. மதியத்துக்குள் கங்காவைப் போலீஸ் லோரியில் ஏற்றினார்கள். அடுத்த தோட்டத்தில் வேறொருவன் வந்தான், அதற்கடுத்ததில் இரண்டு பேர். எந்த லயத்துக் குடியிருப்பிலிருந்து யார் காட்டுக்குப் போனானோ, அவன் அந்த லயத்துச் சுவரில் தெரிந்தான். போலீஸ் கையாள் என்று சொல்லி ஜனங்கள் ஜூலியஸைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். காட்டிலிருப்பவர்கள் முகம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று போலீஸ் கேட்டது.

துப்பறியும் அதிகாரி டக்ளஸ் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மூணு பேருதானே வரையச் சொன்னாங்க?"

"மூணுதான் சார் வரைஞ்சேன்."

"அப்ப நாலாவது என்ன, பேயா?"

"தெரியல சார்."

"பேய்க்கு ஐசி கிடையாது லா. இவனுங்க எல்லாருக்கும் இருக்கு." டக்ளஸ் சிகரெட்டை அணைத்தார். "உன் அண்ணன் ராஃபேல் எங்க?"

"சபாக்ல, மரம் அறுக்கிற மில்லுல."

"நல்லது. உங்க லயத்துல மட்டும் ஏன் இன்னும் ஒட்டல? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றேன். ஒட்டி வை."

ராஃபேல் எந்த மில்லிலும் இல்லை. அது ஜூலியஸுக்கும் அவன் தாய் அகதாவுக்கும் மட்டும் தெரியும். ஒட்டினால் அண்ணன் தெரிவான், தாயை லோரியில் ஏற்றுவார்கள். ஒட்டாவிட்டால் இருவரையும் ஏற்றுவார்கள்.

ஜூலியஸ் புதுத் தாள் எடுத்து, பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டத்தை வரைந்தான். தாடி வைத்தவன், தலைப்பாகை கட்டியவன், பாதி முகம் மறைந்தவன், வாய் பிளந்து பாட்டுக் கேட்பவன். யார் சாயலும் வராமல் மூக்கை மாற்றினான், நெற்றியை மாற்றினான். எத்தனை பேர் என்று எண்ணவே இல்லை. தெரியாததை அடித்தாலும் சொல்ல முடியாது.

ரெங்கசாமிக்குப் பிடிக்கவில்லை. "பாட்டுக்காரிய விளம்பரம் பண்ணச் சொன்னா ஊர்வலம் போட்டு வச்சிருக்கியேய்யா."

"கூட்டத்தப் பாத்தாத்தான் முதலாளி தட்டு வாங்குவாங்க."

சனிக்கிழமை ஒட்டினான். ஞாயிற்றுக்கிழமை டக்ளஸ், ராஃபேலின் அடையாளக் கார்டுப் படத்தோடு வந்தார். பதினெட்டு வயது, மழமழவென்ற கன்னம். இரண்டு தடவை எண்ணினார். அறுபத்து மூன்று, பிறகு அறுபத்து நான்கு.

"எத்தனை வரைஞ்ச?"

"எண்ணல சார்."

டக்ளஸ் அகதாவைக் கூப்பிட்டுச் சுவர் முன்னால் நிறுத்தினார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தார். அகதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நல்லம்மாளை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு மூக்கு இம்புட்டுப் பெருசா இருக்காதே தம்பி," என்றாள் மகனிடம்.

டக்ளஸ் இன்னும் இரண்டு ஞாயிறு வந்தார், பிறகு வரவில்லை. இசைத்தட்டு சுமாராக விற்றது. மற்றத் தோட்டத்து ஆட்களும் கூட்டம் போட்ட சுவரொட்டியையே கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் அடுத்தவரைவிட அதிக நேரம் நிற்கவில்லை. தன் தாய் எந்த முகத்தைப் பார்க்கிறாள் என்று ஜூலியஸ் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே அகதா சொன்னாள்: "சுவர்ல ரெண்டாவது வரிசையில ஓரமா நிக்கிறவனுக்கு முகம் தெளிஞ்சிருக்கு, காய்ச்சல் விட்டுருச்சு போல."

"ஆமா, நானும் பாத்தேன்," என்ற ஜூலியஸ், குழம்புக்குத் தட்டை நீட்டினான்.