வத்தம் தொடங்கிய நேரம்

கீழ்வேளூரிலிருந்து காரில் வரும்போது மாமா பின் இருக்கையில்தான் உட்கார்ந்தார். முன்னால் காலியாக இருந்தது. என் மனைவி வானதி இறந்து பதினோரு மாதமாக அவர் என்னிடம் பேசுவதில்லை. புருஷனோடு சண்டை போட்டுவிட்டு மகள் படகிலிருந்து குதித்தாள் என்று ரிசார்ட் முதலாளி போலீசில் எழுதிக் கொடுத்ததை நம்பினார். பாதியாவது நம்பினார்.

"ஒரு நாள் வாங்க. எதுவும் பேச வேணாம்" என்று கேட்டிருந்தேன். கடல் நீர் அவள் இறந்த அன்றைக்குப் போலவே பகல் இரண்டு மணிக்கு வடியத் தொடங்கும் நாளாகப் பார்த்துத்தான் கூட்டி வந்தேன்.

முத்துப்பேட்டைக் காயல் ஓரம் ஏழு அறைகள், ஒரு படகுத்துறை. முதலாளி துரைராசு சிரித்துக்கொண்டே வந்தார். அன்று என்னை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். இப்போது பதினான்கு கிலோ குறைந்திருக்கிறேன், தாடி வேறு.

"போட்டிங் இப்பவே போயிருங்க சார். அப்புறம் துறை சேறாயிரும், போட்டு நகராது."

"லைஃப் ஜாக்கெட்?"

"இடுப்பளவு தண்ணிக்கா? அதப் போட்டா போட்டோல பூசணிக்கா மாதிரி தெரிவீங்க. எட்டு வருஷமா ஓட்டுறோம், ஒருத்தர் மேல ஒரு தூசு விழுந்ததில்ல."

மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

படகோட்டி துறையில் டீசல் கேனோடு நின்றான். துரைராசு முதலில் படகில் இறங்கி, மாமாவுக்குக் கை கொடுத்தார். மாமா இறங்கினார். கையை விடவில்லை.

"நீங்களும் வாங்க."

"எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்குங்கய்யா."

"இடுப்பளவு தண்ணிதானே?"

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே குதித்தேன். படகு தானாக நகர்ந்தது. துரைராசு கையை உதறிப் பார்த்தார். பிடித்திருந்தது மாமாவின் கை, நாற்பது வருடம் நாற்றுக் கட்டு தூக்கிய கை.

"விளையாடாதீங்க! வத்தம் தொடங்கிருச்சு, தண்ணி வடியுது. இந்த நேரத்துல முகத்துவாரம் இழுத்துரும், மணல் மேட்டுல மோதி படகு கவுந்துரும்!"

"எங்கள மட்டும் அனுப்பப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் இன்ஜின் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அவளயும் இந்த நேரத்துலதான் அனுப்புனீங்க" என்றேன். "வானதி."

இப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். கரையில் படகோட்டி ஏதோ கத்தினான். துறை தூரமாகிக்கொண்டிருந்தது.

"சண்டை போட்டாங்களா?" மாமா கேட்டார்.

"ஐயா, இன்ஜின ஸ்டார்ட் பண்ண விடுங்க..."

"போட்டாங்களா?"

"இல்லீங்க. படகு மேட்டுல மோதுச்சு. அந்தப் பொண்ணு விழுந்துருச்சு. ஜாக்கெட்ட ரூம்ல பூட்டி வச்சிருந்தோம்."

முகத்துவாரத்தில் தண்ணீர் சுழித்து நுரைப்பது தெரிந்தது. துரைராசு அழுதார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்ஜின் என் காலடியில்தான் இருந்தது. நான் தொடவில்லை.

மாமா அவர் மணிக்கட்டை இன்னும் இறுக்கினார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.