டன்மோர் தோற்கும் என்று எழுத முடியாத கதை

1

இந்தக் கதை எனக்குச் சர்ச்சில் கிடைத்தது. போதகர் வழக்கமான அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். லாரல் ஹோல்கம் திருமணம், ஜனவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணி. அவ்வளவுதான். சர்ச் நிறைந்திருந்தது. எல்லாத் தலைகளும் லாரலின் அப்பா ராய்ஸ் பக்கம் திரும்பின.

நல்ல தொடக்கம் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் அந்தத் தலைகள் ஏன் திரும்பின என்று உங்களுக்குச் சொல்ல ஒரு அத்தியாயம் செலவாகும். என் எரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

2

(இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது அல்ல. பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடுவார்கள். பெயர் வைத்தவன் யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

அலபாமாவில் எங்கள் ஊர் டன்மோர். எங்கள் கல்லூரி அணி இந்த வருடம் தேசிய நாக்-அவுட் சுற்றுக்குப் போய்விட்டது. புத்தாண்டு அன்று கால் இறுதி. ஜெயித்தால் அரை இறுதி, அதே இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்து மாநிலத்து அட்லாண்டாவில். ஆட்ட நாளில் இங்கே யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பிணம்கூட மறுநாள் வரை காத்திருக்கும். ஆகவே அந்த வெள்ளிக்குச் சர்ச்சைப் பிடிப்பதும், கால் இறுதியில் டன்மோர் தோற்கும் என்று ஊருக்கு அறிவிப்பதும் ஒன்றுதான்.

அப்படி அறிவித்ததாக மாட்டிக்கொண்டவர் ராய்ஸ். டயர் கடைக்காரர். வியாழக்கிழமைதோறும் உள்ளூர் ரேடியோவில் யார் ஜெயிப்பார்கள் என்று கணித்துச் சொல்பவர். டன்மோருக்கு எதிராக இதுவரை வாய் திறக்காதவர்.

3

மாப்பிள்ளை கடற்படையில் இருக்கிறான். அந்த வாரம்தான் லீவு, திங்கட்கிழமை கப்பல். சர்ச்சில் அந்த வெள்ளி மட்டும்தான் காலி. லாரல் கடைக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். ராய்ஸ் தலையை ஆட்டினார்.

ஏன் ஆட்டினார்? இந்த இடத்தில்தான் என் கதாபாத்திரம் ஒத்துழைக்க மறுக்கிறார். முதல் வரைவில், காற்றடிக்கும் மெஷின் சத்தத்தில் அவருக்குத் தேதி காதில் விழவில்லை. (மலிவு. அடித்துவிட்டேன்.) இரண்டாவதில், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு மகளின் முகத்தை ஒருகணம்... (வேண்டாம்.) மூன்றாவதில், டன்மோர் அணியில் பந்து எறியும் பையனின் தோள்பட்டைக் காயம் இன்னும் ஆறவில்லை என்று அவருக்குத் தெரியும், தோல்வியைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஆட்டினார். இது உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் எழுதினால் என் காருக்கு இந்த ஊரில் டயர் கிடைக்காது.

நேரிலேயே கேட்டுப் பார்த்தேன். என் முன்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று பதில் வந்தது.

4

அந்த வாரம் டயர் கடைக்கு வந்த யாரும் டயரைப் பற்றிப் பேசவில்லை. மீன்பிடித் தூண்டில் கடை வெர்னன் மட்டும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

"ஏன்யா ராய்ஸ், மாப்பிள்ளை கிடைச்சதும் நம்மள கை கழுவிட்டியா?"

"ஓட்டை டயரோட வந்துட்டு பேச்சப் பாரு. சாவியக் குடு" என்றார் ராய்ஸ்.

வியாழக்கிழமை ரேடியோவில், டன்மோர்தான் ஜெயிக்கும் என்று அடித்துச் சொன்னார். ஊர் ஆறிவிட்டது. லாரல் ஆறவில்லை. அப்பா சொன்னது பலித்துவிட்டால்? டன்மோர் ஆடும் ஒரு ஆட்டத்தையும் நேரில் பார்க்காமல் விட்டதில்லை அவர். ஆறரை மணிக்கு அவளைக் கைப்பிடித்து அழைத்துப்போக யார் இருப்பார்கள்?

5

இன்று காலை லாரல் என் சமையலறைக்கு வந்தாள். நான் இதைத் தமிழில் எழுதுவது ஊருக்கே தெரியும்.

"உங்க கதையில நாம ஜெயிக்கிறோமா?"

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

"தோத்துட்டோம்னு எழுதிடுங்க. உங்க பாஷை இங்க எவனுக்குத் தெரியப்போகுது."

அவளைக் கூட்டிப்போக வந்த ராய்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். "எதையும் எழுதாதீங்க. எழுதினாலே ராசி கெட்டுடும்" என்றார். நாசமாகப் போகிற நாவலாசிரியர் நிலைமையைப் பாருங்கள்: ஒருத்தி முடிவு கேட்கிறாள், ஒருவர் முடிவே கூடாது என்கிறார்.

லாரல் திரும்பினாள். "சரிப்பா, நேராவே கேக்குறேன். நாம ஜெயிச்சிட்டா வெள்ளிக்கிழமை நீங்க எங்க இருப்பீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றினார். அதில் டன்மோர் சின்னம் இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு உவமை எழுதி... விடுங்கள்.

"அவங்க ஜெயிச்சா ஜெயிக்கட்டும் கண்ணு. நான் உன் கையப் புடிச்சிட்டு சர்ச்சுல இருப்பேன்."

அவங்க. இந்த ஊர்க்காரர் வாயில் டன்மோர் எப்போதும் 'நாம'. 'அவங்க' என்றால் எதிரணி. லாரலுக்கும் கேட்டுவிட்டது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்:

"ரேடியோவுல இப்படிச் சொல்லிடாதீங்கப்பா."

6

முடிவு ஒன்று: தோற்கிறோம். சர்ச் நிரம்பி வழிகிறது. ஊரே கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு ராய்ஸை முறைக்கிறது. முடிவு இரண்டு: ஜெயிக்கிறோம். பாதி பெஞ்சு காலி, மீதிப் பேர் காதில் வயர் மாட்டி ஆட்டம் கேட்கிறார்கள். இரண்டிலும் அப்பா வருகிறார், பிறகென்ன, ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்பார் பத்திரிகை ஆசிரியர். அவர் இந்த ஊரில் இருந்ததில்லை. கால் இறுதி நாளை மதியம்.

லாரலுக்காக முதலாவதை எழுத உட்கார்ந்தேன்: 'புத்தாண்டு அன்று டன்மோர் தோ'

கை நகரவில்லை. எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் நகரவில்லை.

நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள், கெட்ட ராசி எதுவும் உங்களுக்கு ஒட்டாது. பிடித்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சொல்லிவிடாதீர்கள். நாளை மதியம் வரை நாம் தோற்கவில்லை.