கடைசி வரிசை, பதினொன்றும் பன்னிரண்டும்

'ரசிகர்கள் வராததால் தியேட்டர் மூடப்பட்டது' என்று பலகையில் எழுதியிருந்தது. எங்கள் ஷுப்ரா பேட்டையில் இருக்கும் மாலுக்கு இருபத்தைந்தாவது ஆண்டு விழாவாம். சுவர் நீளத்துக்கு வரலாறு எழுதி மாட்டியிருந்தார்கள். மாலுக்குள் இருந்த அந்தத் தியேட்டரில் பன்னிரண்டு வருஷம் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைத்தவள் நான்.

நேரே மேனேஜர் ரஃபத்தின் அறைக்குப் போனேன்.

"அந்த வரியை எடுங்க சார். பச்சைப் பொய்."

"ஆள் வந்திருந்தா ஏன் மூடறாங்க, ஹாஜ்ஜா?"

"நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகலை. இன்ஷிராஹ்னு கூப்பிடுங்க. தியேட்டர் ஓடின கடைசிப் பெருநாள் அன்னிக்கு ஹவுஸ்ஃபுல். அந்த இடம் வேற கடைக்கு வேணும்னு ஏசியை நிறுத்தினாங்க, ஆகஸ்ட் மாசத்துல! ஒருத்தர் எழுந்து போகலை. மறுநாளே பூட்டிட்டாங்க."

"சாட்சி இருக்கா?" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

இல்லாமல் என்ன? இருட்டில் பார்த்த முகத்தை நான் மறந்ததே கிடையாது.

விழாவன்று பழைய டார்ச்சும் ஒரு மார்க்கருமாகப் போனேன். ரிப்பன் வெட்டியதும் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டேன். காவலாளி என்னை விலக்கக் கையை நீட்டினான். "தொட்டுத்தான் பாரேன்!" என்றேன். பின்வாங்கிவிட்டான்.

கூட்டத்தில் மருந்துக்கடைக்காரரின் முகத்தில் வெளிச்சத்தை அடித்தேன்.

"அந்தக் கடைசி ஷோ. மூணாவது வரிசை, ஏழாம் நம்பர். உங்க பொண்ணு பெருநாள் பிஸ்கட்டை மூக்குமுட்டத் தின்னுட்டு என் செருப்பு மேலயே வாந்தி எடுத்தா!"

"ஐயையோ, ஆமா!" என்று சிரித்தவர், என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி அந்த வரிக்குக் கீழே எழுதினார்: 'வரிசை 3, இருக்கை 7. நான் வந்தேன்.' அவ்வளவுதான், ஆளாளுக்கு மார்க்கரைப் பிடுங்க ஆரம்பித்தார்கள்.

ரஃபத் முகம் சிவக்க ஓடிவந்தார். "பலகையை நாசம் பண்றீங்களே! நிறுத்துங்க!"

அவர் பின்னால் வந்த மனைவியின் மீது டார்ச்சைத் திருப்பினேன்.

"கடைசி வரிசை. பதினொண்ணும் பன்னிரண்டும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நிச்சயம் ஆகியிருந்த சமயம். அந்தப் புழுக்கத்துல படம் முடியற வரைக்கும் பாப்கார்ன் டப்பாவால எனக்கு விசிறினியே, ரஃபத். அதுக்குள்ள யாருமே வரலைன்னு ஆயிடுச்சா?"

மார்க்கரை வாங்கி அவளே பதினொன்றை எழுதினாள். பிறகு அதை அவரிடம் நீட்டினாள்.

"உன்னோடதை நீயே எழுது."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதி முடிக்கும்வரை நான் டார்ச்சை அணைக்கவில்லை.