விண்ணாங்கன்குளத்தில் கூப்பிடுகிறவன்

இத்தாலியின் சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பிடுங்குகிற பதினாலு பேரில் ஒருவரையும் ஸ்ரனிஸ்லாஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மரங்களுக்குள் நிற்கும்வரை அவனுக்கு எல்லாரும் "ஊ" தான். ஏணி வேண்டுமென்றால் "ஊ", கூடை நிரம்பினால் "ஊ". வேலையை நடத்துகிற கிழவன் தொத்தோ இரண்டு பருவமாக இதைச் சொல்லிச் சிரித்துக் கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டான். வன்னிக் காட்டோரத்தில் பிறந்தவர்களின் பழக்கம் இது. காட்டுக்குள் ஒருவர் பெயரை உரத்துச் சொன்னால் காடு அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுமாம். பிறகு அதுவே கூப்பிடத் தொடங்கிவிடுமாம். நாற்பத்தொன்பது வயதாகி, நகரத்தில் கபோச் சந்தையடியில் இரண்டாம் மாடியில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிற மனிதன் இதை நம்பலாமா? கேட்டால், நம்புவதில்லை என்றுதான் சொல்லுவான். ஆனால் கூப்பிட மட்டும் மாட்டான்.

அந்த மாசியில் அவனை ஒரு கடதாசி அரித்துக்கொண்டிருந்தது. விண்ணாங்கன்குளத்துக்குக் கீழே அவனுடைய தகப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த ஐந்து ஏக்கர் பெர்மிற் காணி இருந்தது. தனக்குப் பிறகு மூத்தவன் விமலராஜுக்கு என்று தகப்பன் பின்னுரித்து எழுதி வைத்திருந்தார். எண்பத்து நாலு மார்கழியில் ஊரை விட்டுப் போகச் சொல்லி ஆமிக்காரர் துவக்கோடு வந்தார்கள். சனம் காட்டுக்குள் ஓடியது. அந்த ஓட்டத்தில் விமலராஜ் காணாமல் போனான், அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. இன்றைக்கு அந்த இடத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை. ஆதிகாலத்து அரசன் கட்டிய குளம் என்கிறது ஒரு கூட்டம். அது எப்போதுமே வெறும் காடுதான், மனிதர் குடியிருந்ததே இல்லை என்று சாதிக்கிறது ஓர் அரசாங்கக் கந்தோர். அங்கே இருந்தோம் என்பதற்கு அந்தப் பெர்மிற் ஒன்றுதான் மிச்சம். அது ஸ்ரனிஸ்லாஸின் பெயருக்கு மாற வேண்டுமானால், அண்ணன் இறந்துவிட்டான் என்று அவன் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை நோத்தாயோ என்கிற இத்தாலிய நொத்தாரிசின் முன்னால் கையெழுத்து வைக்க அக்கா றோசமலர் நாள் எடுத்து வைத்திருந்தாள்.

"செத்துப்போனார் எண்டு நான் எப்பிடி எழுதுறது? ஆர் கண்டது?" என்றான் அவன்.

"உயிரோடை இருக்கிற மனிசன் நாப்பது வருசமா ஒரு கடிதம் போடாமல் இருப்பாரே?" றோசமலருக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்குக் காணி வேண்டாமெண்டால் சொல்லு. அம்மா அப்பா இருந்த இடத்தைக் காடு எண்டு எழுதிப்போட்டுப் போகட்டும்."

கையெழுத்து வைக்காததற்கு அவனிடம் வேறொரு காரணம் இருந்தது. அதை அவன் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை தோட்ட வாசலில், துசார ஒலிவ் மரத்தில் ஒரு கொப்பை முறித்துக் கம்பி வேலியில் செருகுவதைக் கண்டான். துசார மூன்று கிழமைக்கு முன்னர் வேலைக்கு வந்த சிங்களப் பெடியன், முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்ரனிஸ்லாஸ் நின்றுவிட்டான். காட்டுக்குள் இறங்குமுன் கொப்பு முறித்து வைத்துக் கும்பிடுவது அவனுடைய ஊர்ப் பழக்கம். வேதக்காரர்கள் கொப்பையும் வைத்து, சிலுவையும் போட்டுக்கொண்டு போவார்கள். காட்டில் ஒருவரையும் பகைக்கக் கூடாது பாருங்கள்.

"எந்த ஊர் உனக்கு?" என்று இத்தாலியனில் கேட்டான். இரண்டு பேருக்கும் இருந்த பொதுப் பாசை அது ஒன்றுதான்.

"நெலும்வெவ. உனக்குத் தெரியாது."

துசார போனில் வரைபடத்தை விரித்துக் காட்டினான். குந்தியிருக்கிற நாய் மாதிரி ஒரு குளம். நாயின் வால் இருக்கிற இடத்தில் மதகு. ஸ்ரனிஸ்லாஸ் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது விண்ணாங்கன்குளம்."

"நெலும்வெவ."

"விண்ணாங்கன்குளம்!" அவன் போட்ட சத்தத்தில் தொத்தோ திரும்பிப் பார்த்தான்.

துசார சண்டைக்கு வரவில்லை. ஜெப்பியா என்று அங்கே சொல்லுகிற பழைய தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தான். "அப்பாவுக்கு எண்பத்தெட்டில் காணி கொடுத்தார்கள். வெறும் காடு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டுக்கிணறு. காட்டில் யார் கிணறு கட்டுவது? அம்மா யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் காணி போய்விடும் என்று பயம்." தொட்டித் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்: "அந்தப் பையனைப் பற்றியும் கேட்கவில்லை."

"எந்தப் பையன்?"

"மாரி தொடங்கினால் மாசி முடியும்வரை, பொழுதுபடுகிற நேரத்தில், மதகுக்கு அப்பால் காட்டுக்குள் இருந்து கூப்பிடுவான். பிக்குமாரைக் கொண்டுவந்து பிரித் ஓதிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. நான் பிறந்ததில் இருந்து கேட்கிறேன், அவனுக்கு வயது ஏறவே இல்லை. பதில் சொல்லாதே என்றுதான் எங்களை வளர்த்தார்கள். தமிழ் என்று தெரியும், அர்த்தம் தெரியாது." பிறகு துசார கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டைச் சொல்லுகிறவன்போலச் சொன்னான்: "ராசண்ணை... ராசண்ணை... நான் பாலைக்குப் பின்னாலை நிக்கிறன்..."

இழுத்த இழுப்பும் நடுவில் வந்த விக்கலும் அப்படியே இருந்தன. அந்த மார்கழியில், எட்டு வயதில், ஸ்ரனிஸ்லாஸ் இருட்டுப்படுகிற காட்டுக்குள் தனித்துப்போய், பாலை மரத்துக்குப் பின்னால் நின்று, தகப்பன் படித்துப் படித்துச் சொன்னதை மறந்து, அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். "வாறன்" என்று அண்ணன் குரல் கேட்டது. உடனே வெடிச்சத்தம். அவன் ஓடினான். அண்ணை வேறு பக்கத்தால் போனவர் என்று வீட்டில் சொன்னான். நாற்பது வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பாவம், அங்கேயே செத்திருக்க வேண்டும் அந்தப் பையன்," என்றான் துசார.

"அந்தப் பையன் நான்தான்."

துசார அவனை மேலும் கீழும் பார்த்தான். தன்னையறியாமல் விளிம்பில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"ஆராவது பதில் குடுக்கிறதோ?" பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டுத் திரும்ப இத்தாலியனில் கேட்டான்.

"ஓர் ஆண் குரல். ஒரே சொல், வாறன். நான் சின்னவனாக இருந்தபோது குளத்துக்கு அந்தக் கரையில் கேட்கும். போன வருடம் மதகடியில் கேட்டதாக அம்மா சொன்னாள். இப்போது இன்னும் கிட்ட. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

ஸ்ரனிஸ்லாஸ் அர்த்தத்தை விட்டுவிட்டான். கடதாசி விசயத்தைச் சொன்னான். துசார எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ கையெழுத்து வைத்தால் அம்மா எங்கே போவாள்?" என்றான். ஸ்ரனிஸ்லாஸ் அவன் கையைப் பிடித்தான். "நாளைக்கு உன் அம்மாவைப் போனைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லு, நான் ஒருமுறை கேட்க வேண்டும்," என்று கெஞ்சினான். சிங்களவனிடம் கெஞ்சுவேன் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

அங்கே பொழுதுபடுகிற நேரம் இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, எல்லாரும் மரத்தடியில் பாண் கடித்துக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். குளக்கட்டில் துசாரவின் தாய் நடுங்குகிற குரலில் எதையோ முணுமுணுத்தாள். தவளைச் சத்தம், காற்று. இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ராசண்ணை..."

தன் குரலைத் தானே கேட்பது கொடுமை. அந்தப் பிள்ளை பயந்துபோய் நின்றது, அதை அணைக்க ஒருவரும் இல்லை. "நான் பாலைக்குப் பின்னாலை நிக்கிறன்..." தவளைச் சத்தம் நின்றது.

"வாறன்," என்றது மற்றக் குரல். போனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் சொன்னதுபோல இருந்தது. மூச்சு வாங்குகிறது தெரிந்தது. ஸ்ரனிஸ்லாஸின் மகன் கிரிசாந்தின் குரலைவிட இளசான குரல். நாற்பது வருடமாக ஓடி வந்துகொண்டேயிருந்த களைப்பு அதில் இருந்தது. காலடியில் சருகு நொறுங்கியது. தாய் வீரிட்டாள்.

ஸ்ரனிஸ்லாஸ் போனைப் பறித்து எழும்பினான். "ராசண்ணை! விமலராஜ் அண்ணை! வராதை! அங்கை நான் இல்லை. நான் தப்பியிற்றன், அண்ணை. கலியாணம் கட்டியிற்றன். எனக்கு ரெண்டு பிள்ளையள். என்னைத் தேடி வராதை!" தோட்டம் முழுக்கப் பாணை வாயில் வைத்தபடி அவனைப் பார்த்தது. "நான்தான் கூப்பிட்டனான். நான்தான். நீ போ, அண்ணை."

ஒரு சத்தமும் இல்லை. போனை மூடிவிட்டாளோ என்றுகூட நினைத்தான். பிறகு தாய் மெல்லச் சிங்களத்தில் சொன்னாள். துசார சொல் சொல்லாக மாற்றிச் சொன்னான்: "சருகுச் சத்தம் திரும்பிப் போகிறதாம். காட்டுப் பக்கம். இரண்டு பேர் நடக்கிற மாதிரி."

தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின. ஸ்ரனிஸ்லாஸ் விக்கி விக்கி அழுதான்.

வியாழக்கிழமை நோத்தாயோவின் மேசையில் றோசமலர் கடதாசியை விரித்து வைத்தாள். தம்பி மறுபேச்சில்லாமல் பேனையை எடுத்ததில் அவளுக்கே ஆச்சரியம். அண்ணன் பெயர், தகப்பன் பெயர், காணி இலக்கம் எல்லாம் எழுதினான். இறந்த திகதி என்ற இடத்தில், மாசி பதினெட்டு என்று இந்த வருடத்தையே போட்டுக் கையெழுத்தும் வைத்தான்.

"உனக்கென்ன விசரே? எண்பத்து நாலு எண்டு போடு! உதைக் கந்தோரிலை கண்டால் கிழிச்செல்லே போடுவாங்கள்."

"கிழிக்கட்டும். முந்தநாள்தான், அக்கா. மத்தியானம் ரெண்டு மணி." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அண்ணை வேறை பக்கத்தாலை போகேல்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டனான். முந்தநாள் வரைக்கும் என்னைத்தான் தேடிக்கொண்டு நிண்டவர்."

றோசமலர் கடதாசியைப் பிடுங்கவில்லை. நோத்தாயோ ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்னோடை கோவமோ அவருக்கு?"

"தெரியேல்லை, அக்கா. அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போயிற்றார்."