தொப்புளுக்கு மேலே ஒரு துடிப்பு

என் மாமனார் நஸீஃபுக்கு முதுகு வலித்தால் எனக்குத்தான் ஏச்சு. நான் எங்கள் ஊர் வெந்நீர் ஊற்று மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். "அஞ்சு வருஷம் படிச்சு, 'நடங்க மாமா'ன்னு சொல்லத்தான் கத்துக்கிட்டியா?" என்பார். மசாஜ் சில நாள் சுகம் தரும், அதற்கு மேல் உறுதியான ஆதாரம் இல்லை என்று போஸ்னியாவில் சொன்னால் யார் கேட்கிறார்கள்? இங்கே பளு தூக்கினால் வயிற்றுக்குள் 'ஸ்த்ரூனா' என்று ஒரு நரம்பு இறங்கிவிடுமாம். தொப்புளுக்கு மேலே துடித்தால் அதுதான் அடையாளம். பக்கத்துத் தெரு ஸும்ரா வந்து எண்ணெய் தடவி அழுத்தி ஏற்றிவிடுவாள். அப்படி ஒரு நரம்பே உடம்பில் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் படுத்தாலும் வலி விடவில்லை. ஸும்ராவை வரவழைத்துவிட்டார். சட்டையைத் தூக்கிக்கொண்டு சோபாவில் படுத்தார். அவள் கையை வைத்ததுமே, "அடேயப்பா! நஸீஃப் அண்ணே, நல்லா இறங்கிடுச்சு. எப்படித் துடிக்குது பாருங்க!" என்றாள்.

எரிச்சலோடுதான் போய் நானும் தொட்டுப் பார்த்தேன். ஒல்லியானவர்களுக்கு வயிறு துடிப்பது சகஜம். ஆனால் இது இரண்டு பக்கமும் என் விரல்களை விலக்கித் தள்ளியது. மாமா வாலிபத்திலிருந்து சிகரெட்டை விடாதவர். ஸும்ராவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அக்கா, அழுத்தாதீங்க. கையை எடுங்க."

"ஏன்டி, பொறாமையா?"

"எடுங்கன்னா எடுங்க! மாமா, அசையாதீங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்."

"என்னைக்கும் நட நடன்னு உசுரை வாங்குவா, இன்னைக்கு அசையாதேங்கறா" என்று மாமா சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்து பார்த்தால், வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வெடித்திருந்தால் அவ்வளவுதான். அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்து வந்த மனுஷர், "முதல்ல கண்டுபிடிச்சது ஸும்ராதான்" என்று ஊரெல்லாம் சொன்னார். போகட்டும், சொல்ல உயிர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் நான் தனியாக இருந்தபோது ஸும்ரா வந்தாள். காப்பி ஊற்றி வைத்தேன். தொடவில்லை.

"என் வீட்டுக்காரருக்கும் முதுகுவலின்னுதான் ஆரம்பிச்சுது. அவருக்கும் இப்படியேதான் துடிச்சுது. நான்தான் அழுத்தி விட்டேன். என் கைக்குக் கீழேயே ஒரு சத்தம் போட்டாரு. மூஞ்சி வெளுத்துடுச்சு. மாரடைப்புன்னாங்க, புதைச்சோம்." தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். "நான்தான் கொன்னேனாடி?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன்! யாரும் அவரை ஸ்கேன் செய்து பார்க்கவில்லை. மாரடைப்பாகவே இருந்திருக்கலாம். ரத்தக்குழாய்தான் என்றாலும், யாரும் தொடாமலே வெடிப்பதுண்டு. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன்.

"அப்போ நான் இல்லையா?"

"தெரியாது அக்கா. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

என் முகத்தையே பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் ஆதாரம் எங்கேன்னு கேளு, வேணாங்கல. எனக்கு ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதாடி?"

நான் அழுதுவிட்டேன். வாயைத் திறந்தும் பார்த்தேன். பாவி எனக்கு அது வரவில்லை. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள்.