உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர்

சாம்பலை அள்ளித் தரையில் கிடந்த வாந்தியின் மேல் தூவிவிட்டு நிமிரும்போது, அண்ணனின் விரல்கள் உமையம்மையின் மணிக்கட்டின் மேல் வந்து விழுந்தன. பிடிக்க நினைத்திருப்பான். வலுவில்லை. ஒரே ராத்திரியில் அந்த விரல்கள் நாளெல்லாம் குளத்தில் கிடந்தவை போலச் சுருங்கிப் போயிருந்தன.

"கஞ்சித்தண்ணி குடு பிள்ளே," என்றான் அய்யம்பெருமாள். "உப்புப் போட்டு. செம்பு நெறைய."

ஊரில் நடப்புதீனம் என்கிற கொள்ளைநோய் நுழைந்து பத்து நாளாகிறது. மேலத்தெருவில் மூன்று பேரை வாந்தியும் பேதியும் கொண்டுபோய்விட்டன. திருவனந்தபுரத்தில் பி.ஏ. படிக்கிற அண்ணன் லீவுக்கு வந்த நாலாம் நாள் படுத்துவிட்டான். டாக்டரைக் கூட்டிவர விடியுமுன் நாகர்கோவிலுக்கு வண்டி கட்டிப் போன சித்தப்பா இன்னும் திரும்பவில்லை.

அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. வள்ளிநாயகம் பிள்ளை நாற்பது வருஷமாக வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர். எதுவும் அவருக்கு வயலை வைத்துத்தான் விளங்கும்.

"மடை தொறந்து கெடக்கு. மேல தண்ணி விட்டா கீழ ஓடத்தான செய்யும்? மொதல்ல மடை அடையட்டு," என்று காலையில் சொன்னார். பாயில் கிடந்தவன் அதற்குச் சிரிக்கக்கூடச் செய்தான்.

"மடை அடையதுக்குள்ள கொளம் வத்திட்டுன்னா, அப்பா?"

காலேஜுக்குப் போனபிறகு மகன் எதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர்தான் அப்பா. இன்று எழுந்து வெளியே போய்விட்டார்.

அண்ணன் கேட்பது எது என்று வீட்டில் உமையம்மைக்கு மட்டும் தெரியும். போன ஓணத்துக்கு வந்தபோது அவன் அடுக்களை வாசலில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கிறவளிடம் கதை கதையாகச் சொன்னான். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு அவன் வாய்தான் காலேஜ். புஸ்தகத்தில் இருப்பதை அவன் அதிகம் சொல்லவில்லை. சட்டைக்குப் பித்தான் தைக்கப் பழகியதைச் சொன்னான். சோறு குழையாமல் வடிக்கப் பழகியதைச் சொன்னான். மேடையில் பேச எழுந்து கால் நடுங்கினால் ஆட்களைப் பார்க்கக் கூடாது, எதிர்ச் சுவரில் ஓர் ஆணியைப் பார்த்துப் பேச வேண்டும் என்றான். அப்புறம் ஹாஸ்டலில் வாந்திபேதி வந்த கதை. சமையல்காரன் ஓடிப்போனான். வார்டன் சொல்ல, இவனே அண்டா நிறையக் கஞ்சி வைத்து, உப்புப் போட்டு, வாந்தி எடுக்க எடுக்க விடாமல் பதினோரு பேருக்கு ஊட்டியிருக்கிறான். பதினோரு பேரும் எழுந்து பரீட்சை எழுதினார்கள். "ரெண்டு வருசத்துல நான் படிச்சதுல அதாக்கும் பெரிய படிப்பு," என்றான்.

அவள் முற்றத்துக்குப் போனாள். அப்பா வண்டி வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் அவளாகப் போய்ப் பேசியது எப்போதென்று நினைவில்லை. தொழுவத்துத் தூணில் கயிறு மாட்டுகிற ஆணி தெரிந்தது. அதைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா, கஞ்சித்தண்ணி குடுக்கணும். காலேஜ்ல குடிச்சவங்க எல்லாரும் பொழச்சிருக்காவ. அண்ணனே வச்சுக் குடுத்திருக்கான்."

குரல் உடையவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?" என்றார்.

ஆணியைப் பார்த்தால் பேச்சு வரும். கேட்கிறவர் மனம் மாற எதைப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கவில்லை.

அடுக்களையில் வடித்த கஞ்சி இருந்தது. உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, செம்பைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். நாலு மடக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். இன்னும் என்று உதடு அசைந்தது. அடுத்த மடக்குக்குச் செம்பைச் சாய்க்கும்போது குடித்தது முழுவதும் வெளியே வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு அம்மை பகவதியம்மாள் ஓடிவந்தாள்.

செம்பைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். பெற்றவள் கண்முன்னால் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டாள்.

"வாந்தி வந்தாலும் குடுக்கணும்மா," என்றான் அவன். காற்றுதான் வந்தது. அம்மைக்குக் கேட்டதோ என்னவோ, அவள் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அழுதபடி அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். உமையம்மை வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள். அம்மையைத் தள்ளிவிட்டு ஊற்றியிருக்கலாம். உள்ளே கஞ்சி இன்னும் இருந்தது. அவள் தள்ளவில்லை.

மத்தியானம் தாய்மாமன் கோலப்ப பிள்ளை வந்தார். நாடி பார்த்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இனி தண்ணி ஊத்துங்கோ," என்றார். "எல்லாரும் ஒரு வாய் ஊத்திருங்கோ."

அப்பாதான் முதலில், பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையைக் கையில் வாங்கினார். தண்ணீர் வாய்க்குள் நின்று, கடைவாயில் வழிந்து, காதுக்குள் இறங்கியது. அம்மை ஊற்றினாள். அத்தை ஊற்றினாள். உமையம்மையின் முறை வந்தபோது அவள் உள்ளே போய் இரண்டு விரலில் உப்பு எடுத்துவந்து பாலாடையில் கரைத்தாள். எதற்கென்று மாமா கேட்டார். அவள் மெதுவாக, சிந்தாமல் ஊற்றினாள். தொண்டை அசையவில்லை.

நாலு மணிக்குச் சித்தப்பா தனியாகத் திரும்பினார். டாக்டர் வேறு ஊருக்குப் போயிருக்கிறாராம்.

நோய்ச் சாவு என்பதால் துட்டிக்கு வந்தவர்கள் தெருவிலேயே நின்று துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்ட ஒவ்வொருவரிடமும் அம்மை ஒன்றையே சொன்னாள்.

"நல்லாத்தான் கெடந்தான். இவ ஒளிச்சு ஊத்துன தண்ணியாக்கும் எனக்க பிள்ளையக் கொண்டுபோனது."

அப்பா அதைக் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகளின் பக்கம் அவர் முகம் திரும்பவே இல்லை. அத்தை வந்து, அம்மையின் கண்ணில் படாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி உமையம்மையிடம் சொன்னாள். அவள் வைக்கோல்போர்ப் பக்கம் போய் நின்றாள்.

பிரேதத்தைக் குளிப்பாட்டக் குளத்தில் நீர்மாலை எடுக்கப் போனார்கள். குடங்களுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துவர நாலு பேர் வேண்டும். மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது முனை தெருமண்ணில் இழுபட்டு வந்தது.

முற்றத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தவன் மேல் குடம் குடமாகக் கவிழ்த்தார்கள். தலையில், நெஞ்சில், மூடிய வாயின் மேல். தண்ணீர் பெஞ்சின் நாலு பக்கமும் வழிந்து, முற்றத்தில் பரவி, வைக்கோல்போர் வரைக்கும் வந்தது. வெயிலுக்கு ஒதுங்கிக் கிடந்த கோழிகள் இறங்கி வந்தன. குனிந்து அலகை நனைத்து, கழுத்தை நிமிர்த்தி, குனிந்து, நிமிர்த்திக் குடித்தன.

யாரும் அவற்றை விரட்டவில்லை.