அம்மன் குடை

இரவு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்த காஞ்சனாவின் கண்ணில் முதலில் பட்டது, ஆணியில் தொங்கிய தொப்பிதான். முகத்தை மறைக்கும் திரை வைத்துத் தைத்த, மகள் ரூபினியின் தொப்பி. கையுறைகள் பாயில் கிடந்தன. வீட்டில் யாரும் இல்லை. தோட்டத்துக் கோயில் பக்கமிருந்து உறுமிச் சத்தம் வந்தது. இன்று பால்குடம். பேத்தியைக் குடம் எடுக்க வைக்கிறேன் என்று மாமியார் பிச்சையம்மாள் நேர்ந்திருந்தாள். வெயில் பட்டாலே உரியும் பிள்ளையின் தோல் குணமாகத்தான் நேர்த்தியே. கூடாது, கூடாது என்று சொல்லிக் காஞ்சனாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். வெயில் எல்லார் தோலுக்குள்ளும் இறங்கி டி.என்.ஏ. இழையைக் கெடுக்கிறது. கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புது இழை கோத்துக்கொள்கிற வேலை செல்களுக்குள் ஓயாமல் நடக்கிறது. ரூபினிக்கு வெட்டுகிற கத்தரி வேலை செய்யாது. கெட்டது கெட்டபடியே சேரும், ஒருநாள் புற்றாகும். கூலிம் தொழிற்சாலையில் காஞ்சனா தொடுகிற கம்ப்யூட்டர் சிப்புத் தகடுகளுக்கு வெயில் ஆகாது என்று ஓர் அறை முழுக்க மஞ்சள் விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். தகட்டுக்கு இருக்கிற கவனிப்பு தன் பிள்ளைக்கு இல்லை என்று நினைத்தபடியே மோட்டார் சைக்கிளைக் கோயில் பக்கம் முறுக்கினாள்.

ஊர்வலம் தார் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. முன்னால் மஞ்சள் பாவாடையும் தலையில் குடமுமாக ரூபினி, கண்ணைத் திறக்க முடியாமல் நடந்தாள். பின்னால் தோளில் அம்மன். அம்மனுக்குப் பட்டுக்குடை பிடித்து வந்தவன் லோகன், பெற்ற அப்பன்.

"எறக்குடி கொடத்த!" காஞ்சனா மோட்டாரைப் போட்டுவிட்டு மகளிடம் ஓடினாள்.

பிச்சையம்மாள் குறுக்கே வந்தாள். "தொடாத! நேத்திக்கடன். ஆத்தா பாத்துக்குவா. எங்க வம்சத்துலயே இல்லாத நோவு, ஒன்னாலதான வந்துச்சு."

"நான் யாரு வம்சம் அத்தை? ஒங்க கூடப்பொறந்த அண்ணன் மகதான? சொந்தம் விட்டுப் போயிரும்னு நீங்கதான வந்து பொண்ணு கேட்டீங்க? இந்த நோவு பாதி எங்கிட்டேருந்து, பாதி ஒங்க மகங்கிட்டேருந்து. டாக்டர் சொல்றப்ப அவரும்தான் ஒக்காந்திருந்தாரு. சொல்லுங்க மாமா, வாயத் தொறங்க!"

லோகன் குடைக்காம்பைப் பார்த்தான். "எல்லாரும் பாக்குறாங்க லா. வீட்ல போயி பேசிக்கலாம்."

"கொடையக் குடுங்க."

"இது சாமி கொட, காஞ்சனா."

"சாமிக்குத் தோலு உரியுமா?"

அவன் விடவில்லை. அவள் இழுத்த இழுப்பில் குஞ்சம் அறுந்து தார் மேல் சிதறியது. உறுமி தடுமாறி நின்றது. யாரோ "ஆத்தா!" என்று அலறினார்கள். காஞ்சனா குடையை மகளின் தலைக்கு மேல் தாழ்த்திப் பிடித்தாள்.

"அம்மா, கொடத்த எறக்கட்டா?"

"வேணாம். எடுத்துட்டே நட. வீட்டுக்கு."

இருவரும் நடந்தார்கள், சிந்திய பால் தாரில் கோடாக விழுந்து உடனே காய்ந்தது. பின்னால் ஒருவரும் அசையவில்லை. தோள்களின் மேல் அம்மனின் முகத்தில் வெயில் நேராக இறங்க, மூக்குத்தி கண் கூச மின்னியது.